காப்பிப் படத்துப் பிள்ளை

தம்ளருக்குப் பின்னால் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு. பெஞ்சின் மேல் டீச்சர் வீட்டு எவர்சில்வர் தம்ளர். அதற்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாதபடி கொட்டாங்கச்சியில் கங்கு போட்டு, மதுரையிலிருந்து வந்திருந்த போட்டோக்காரர் ஒரு சிட்டிகை ஒரு சிட்டிகையாகச் சாம்பிராணி தூவிக்கொண்டிருந்தார். பங்குனி மாத வெயில். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் அந்த நேரத்துக்குக் கொதிக்கக் கொதிக்கக் காப்பி வைத்தாலும் ஆவி கண்ணுக்குத் தெரியாது. ஆவி தெரிந்தால்தான் சூடான காப்பி என்று படம் பார்க்கிறவர்கள் நம்புவார்களாம்.

தம்ளருக்குள் காப்பியும் கிடையாது. காப்பி விளம்பரத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்த பால் ஜீப்பிலேயே திரிந்துபோனது. டீச்சர் அவசரத்துக்குக் கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டார்.

ஒரு வாய் குடித்த பிள்ளை கண்ணை விரித்து, "இது பானக்காரம்லா சார்!" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

போன வாரம் இந்தப் பக்கத்தில் என் தபால் ஆபீஸ் காலத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "உங்கள் சின்ன வயசுப் படம் ஒன்று போடக் கூடாதா?" எங்கள் வீட்டில் சின்ன வயசுப் படம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தக் காப்பிப் படம். கண்ணாடிச் சட்டம் போட்டு அறுபது வருஷமாக அம்மா சுவரில் மாட்டி வைத்திருந்தாள். வந்தவர் போனவருக்கெல்லாம், "எம்மவ சரோஜா" என்று காட்டினாள்.

அதில் இருப்பது நான் இல்லை.

போன மாசியில் அம்மா போய்விட்டாள். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

மலையில் ஒரு பூ

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் காப்பி என்றால் கருப்பட்டிக் காப்பி. அதுவும் காய்ச்சல் வந்தால், இல்லை சம்பந்தி வந்தால். மற்ற நாளில் காலையில் நீத்தண்ணி, மத்தியானம் கம்மங்கூழ். இந்த ஊர்ப் பிள்ளைகளைக் காப்பி குடிக்க வைத்துவிட வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை. பிள்ளைகளைப் பிடித்தால் வீட்டைப் பிடித்த மாதிரி என்ற கணக்காக இருக்கும்.

காப்பி விளம்பரக்காரர்கள் முதல் தடவை ஜீப்பில் வந்தபோது பெரிய பெரிய அட்டைகளில் ஒட்டின போட்டோக்களைக் கொண்டுவந்தார்கள். கறுப்பு வெள்ளைப் படங்கள். காப்பிக்காரர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து விளக்கினார். மலைச் சரிவில் காப்பிச் செடி, கிளை முழுக்க மல்லிகை மாதிரி பூ, முதுகில் கூடையோடு பழம் பறிக்கிற பெண்கள், களத்தில் காயும் கொட்டை, அதை வறுக்கிற பெரிய உருளை.

எங்களுக்குக் காப்பி பெரிதாகத் தெரியவில்லை. படத்தில் இருந்த மேகம்தான் பெரிதாகத் தெரிந்தது. தரையிலேயே மேகம் கிடந்தது. எங்கள் ஊரில் மேகம் வந்தாலே அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

"சார், அங்கன ஆடு மேயுமா?" என்று ஒரு குரல் கேட்டது. மாடத்தி.

மாடத்தி ஆட்டுக்கிடை போடுகிற வீட்டுப் பிள்ளை. அடுத்தவர் புஞ்சையில் ராத்திரி மந்தையை அடைத்து, புழுக்கையை உரமாக விட்டுவிட்டு, அதற்குக் கூலியாகத் தானியம் வாங்குகிற குடும்பம். வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடம் வந்தால் அதிகம். என் பக்கத்தில்தான் உட்காருவாள். அவள் வந்தால் வகுப்பு முழுக்க ஆட்டு வாடை வரும். நான் மூக்கைப் பொத்துவேன். அவள் அதையும் பார்த்துச் சிரிப்பாள்.

காப்பிக்காரர்களிடம் ஐந்து படம் இருந்தது. ஆறாவது படமாக, "உங்களைப் போன்ற பிள்ளைகள்" காப்பி குடிக்கிற படம் வேண்டும் என்றார்கள். அடுத்த சனிக்கிழமை போட்டோக்காரரோடு வந்தார்கள். லீவு நாள் என்பதால் டீச்சர் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஐந்தாறு பேரை மட்டும் கூப்பிட்டிருந்தார்.

ஒரு நிமிஷம் என்றார்கள்

நான் பட்டுப் பாவாடை சட்டையில் போயிருந்தேன். அந்தப் பாவாடைக்கு ஒரு கதை உண்டு.

அப்பா பருத்தி லாரியில் போனவர், போன இடத்திலேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டுவிட்டார். தெருவுக்கே தெரியும். அம்மா தண்ணிக்குப் போகும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். ஒரு நாள் கல்யாணப் பட்டை எடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டினாள். "கட்டுனவனே இல்ல, பட்டு எதுக்கு?" என்றாள். கரையில் வரிசையாக அன்னப் பட்சி. அந்தக் கரை கீழே வரும்படி எனக்குப் பாவாடை தைத்தாள். எங்கள் ஊரில் அப்படி ஒரு பாவாடை வேறு யாரிடமும் இல்லை.

போட்டோக்காரர் எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தார். என்னைத் தாண்டிப் போனார். மாடத்தி முன்னால் நின்றார்.

"இந்தப் பொண்ணு சிரிப்பு நல்லா இருக்கு டீச்சர். ஆனா டிரஸ்தான்..."

மாடத்தி போட்டிருந்தது அவள் அப்பாவின் பழைய சட்டை. அவள் அம்மா அதைக் கையாலேயே சின்னதாக்கித் தைத்து, தோள்பட்டையில் கிழிந்த இடத்தில் ஜமுக்காளத் துண்டை வைத்து ஒட்டுப் போட்டிருந்தாள். கோடு கோடாக, தூரத்திலிருந்தே தெரியும்.

டீச்சரின் கண் சுற்றிவிட்டு என் மேல் வந்து நின்றது.

"சரோஜா, ஒரு நிமிஷம் மாத்திக் குடு."

வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாற்றினோம். மாடத்தி பாவாடையைத் தொடவே பயந்தாள். "அழுக்காயிரும்ட்டி. உங்கம்மா வையும்" என்றாள். அவள் சட்டை என் கழுத்துக்கு மேலே வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே வந்து சுவர் ஓரமாக நின்றேன். ஒரு நிமிஷம் ஒரு மணி நேரம் ஆனது. பார்க்கிறவர்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். எனக்கு அவள் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒன்பது வயதில் அவ்வளவு வெறுக்க முடியுமா என்று இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

போட்டோக்காரருக்கு அவளோடு பெரும் பாடாக இருந்தது.

"வாய வச்சுக் குடிம்மா. கொஞ்சமா உறிஞ்சிட்டு என்னப் பாத்துச் சிரி."

"எச்சியாயிரும்லா சார். டீச்சர் தம்ளரு."

"ஆகட்டும், பரவாயில்ல. கழுவிக்கலாம்."

அவளால் முடியவில்லை. தம்ளர் கைக்கு வந்ததும் தானாக அண்ணாந்து, உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டாள். எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட அப்படித்தான் குடிக்கத் தெரியும். போட்டோக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். நெஞ்சுக்கு நேரே கேமராவைப் பிடித்து, குனிந்து குனிந்து பார்த்து, ஒரு சுருள் பிலிம் முடியும்வரை எடுத்தார்.

பாவாடைக் கரை

ஆவணியில் மாடத்திக்குக் காய்ச்சல் வந்தது. கிடை அப்போது ஓட்டப்பிடாரம் பக்கம் இருந்தது. அங்கேயே வைத்து என்னவோ பச்சிலை கொடுத்தார்கள். கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்தபோது உயிர் இல்லை.

ஊரில் சொன்னபோது நான் அழுதேன். அழுகைக்கு நடுவில், அன்றைக்குப் பாவாடையைத் திருப்பிக் கொடுக்கும்போது, "கசக்கிட்டியேட்டி" என்று நான் அவளைப் பிடித்துத் தள்ளியது ஞாபகம் வந்தது. அதன் பிறகு நான் அவளோடு பேசவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் தபாலில் படம் வந்தது. சுவரில் மாட்ட ஒரு பெரிய அட்டை. படத்தில் இருக்கிற பிள்ளைக்கு என்று ஒரு சின்னப் பிரதி. எங்களை உடை மாற்றச் சொன்ன டீச்சர் கல்யாணமாகிப் போய்விட்டார். புதிதாக வந்திருந்த ஹெட்மாஸ்டருக்கு விஷயம் தெரியாது.

எந்த மகராசன் பொறுக்கி எடுத்தானோ, அண்ணாந்து குடிக்கிற படத்தைத்தான் அனுப்பியிருந்தார்கள். தெரிந்தது தாடையும் கழுத்தும்தான். முகத்தின் மீதியைச் சாம்பிராணிப் புகை மறைத்துவிட்டது. கீழே அன்னப் பட்சிக் கரை மட்டும் பளிச்சென்று இருந்தது.

அன்றைக்கு எனக்குச் சோறு கொண்டுவந்த அம்மா, ஹெட்மாஸ்டர் மேஜையில் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஐயா, இது எம்மவ!"

பக்கத்தில் நின்ற பையன் ஒருவன் அன்றைக்குப் போட்டோ எடுக்கும்போது இருந்தவன். "அது மாடத்தில்லா" என்றான்.

"போலே கண்ணு தெரியாதவனே. எஞ்சீலைக் கரை எனக்குத் தெரியாதா?"

அப்பா போன பிறகு அம்மா அப்படிச் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. படத்தை மாராப்போடு அணைத்துக்கொண்டு தெரு முழுக்க நிமிர்ந்து நடந்தாள். வீட்டு வீட்டு வாசலில் நின்று காட்டினாள். நான் பின்னாலேயே போனேன். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மாவுக்காக என்று ரொம்ப காலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் நிஜம். அந்தப் படத்தில் நான் இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை.

வாசலில் வந்து நின்றவள்

நாலு நாள் கழித்து மாடத்தியின் அம்மா வந்தாள். பேச்சியத்தை என்று கூப்பிடுவேன். இடுப்பில் கைப்பிள்ளை முத்து. அத்தை வாசலை விட்டு உள்ளே வரவில்லை.

"யக்கா, எம்மவளப் போட்டா புடிச்சாவன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. வந்திருக்காம்லா. ஒரு தரம் மூஞ்சியப் பாத்துட்டுப் போயிருதேன். வேற படம் ஒண்ணுங் கெடையாது."

அம்மா படத்தை எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள். "வந்தது இது ஒண்ணுதான் பேச்சி. இது எம்மவள்லா."

அத்தை குனிந்து வெகு நேரம் பார்த்தாள். முத்து படத்தைப் பிடுங்கக் கையை நீட்டினான். அவன் கையை விலக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி சரோசா, நீயும் அங்கன இருந்தேல்லா. அவ இதுல இல்லையா?"

அம்மாவும் என்னைப் பார்த்தாள்.

"இல்ல அத்தை. அவளத் தனியா எடுத்தாங்க. அது வேற போட்டோ."

"அது எங்கன இருக்கும்?"

"காப்பிக்காரங்கட்ட இருக்கும்."

"சரி தாயி" என்று சொல்லிவிட்டுப் போனாள். கேட்டவுடன் நம்பிவிட்டாள். சந்தேகப்பட்டு இரண்டாம் தடவை கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன்.

காப்பித்தூள் கடை

பெரிய படிப்புக்கு நான் கோவில்பட்டிக்கு பஸ்ஸில் போய்வர ஆரம்பித்த காலம். மார்க்கெட் ரோட்டில் காப்பிக்கொட்டை வறுத்து அரைக்கிற கடை ஒன்று வந்திருந்தது. அந்த வழியாகப் போனாலே வாசனை ஆளை நிறுத்தும்.

ஒரு நாள் அந்தக் கடை வாசலில் பேச்சியத்தை நிற்பதைப் பார்த்தேன். சந்தைக்கு ஆடு கொண்டுவந்திருக்க வேண்டும். கையில் கயிறு. கடைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர்களையும் விளம்பரப் படங்களையும் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தூளு வேணும்?" என்றார் கடைக்காரர்.

"தூளு வேண்டாம் அண்ணாச்சி. எம்மவ காப்பி குடிக்க மாரி ஒரு போட்டா இருக்கு. அது இங்கன வந்திருக்கான்னு பாக்கேன்."

"போன வாரமும் இதத்தானம்மா கேட்ட."

"புதுசா வந்திருக்குமோன்னு கேட்டேன்."

நான் அங்கே நின்றிருந்த ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவள் போன பிறகுதான் வெளியே வந்தேன். அன்றைக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் வீட்டுப் படத்தையாவது எடுத்துக் கொடுத்திருக்கலாம். வீட்டில் அம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வேலை, கல்யாணம், ஊர் ஊராக மாற்றல். பேச்சியத்தை குடும்பம் மந்தையை விற்றுவிட்டுக் கழுகுமலைப் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். நிம்மதியாக இருந்தது. இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டு சதுரம்

அம்மா போன இரண்டாம் மாசம் நிவேதா என்று ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். பழைய விளம்பரப் படங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். அந்த மதுரைப் போட்டோக்காரர் வீட்டுப் பரணில் கிடந்த நெகடிவ்களை வாங்கியிருக்கிறாள். உறையில் எங்கள் ஊர்ப் பெயர் இருந்ததால் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அதிலிருந்து அவள் அச்சடித்துக் கொண்டுவந்த ஒரே தாளில் பன்னிரண்டு சதுரப் படங்கள். பதினொன்றில் மாடத்தி அண்ணாந்து குடிக்கிறாள். ஒன்றில் மட்டும் தம்ளரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள். 'இது பானக்காரம்லா சார்' என்றாளே, அந்த நேரம். மேல்வரிசைப் பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி. எனக்கு அது மறந்தே போயிருந்தது.

அதே படத்தின் ஓரத்தில், சுவரை ஒட்டி, ஒட்டுப் போட்ட சட்டையில் நான். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, முழங்கையில் பாதி முகத்தை மறைத்தபடி.

"இதுல நீங்க யாரும்மா? சிரிக்கிறவங்களா?" என்றாள் நிவேதா.

அறுபது வருஷம் கழித்து முதல் தடவையாக, "இல்ல" என்றேன்.

அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு வாங்கிக்கொண்டேன். விசாரித்ததில் பேச்சியத்தை உயிரோடு இருப்பது தெரிந்தது.

கழுகுமலையில்

முத்துவுக்கே அறுபது வயது ஆகிவிட்டது. மினி லாரி ஓட்டுகிறான். வாசலிலேயே அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா மூஞ்சி எனக்குத் தெரியாதுக்கா. அம்மாட்ட நீங்களே சொல்லுங்க. உள்ள வாங்க" என்றான்.

பேச்சியத்தை கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கிழிந்த பையைத் தைத்துக்கொண்டிருந்தாள். கண் ஆபரேஷன் நன்றாக ஆகியிருந்தது. ஊசி கோக்க யாரையும் கூப்பிடுவதில்லையாம். நான் யார் என்று சொன்னதும், "ஏட்டி, சரோசாவா!" என்று கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அத்தை, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். எங்க வீட்டுல இருந்த படத்துல அண்ணாந்து குடிக்கது ஒங்க மவதான். அவ எம்பாவாடையப் போட்டிருந்தா."

அவளுக்கு அது காதில் ஏறினதாகத் தெரியவில்லை. என் மடியில் இருந்த பெரிய படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"இதானா அந்த வேற போட்டா? நீ சொன்னது சரியாப் போச்சு பாத்தியா. காப்பிக்காரங்கட்டதான் இருந்துச்சா?"



அவள் விரல் படத்தின் மேல் போனது. நடுவில் சிரித்துக்கொண்டிருந்த மாடத்தியைத் தாண்டிப் போனது. சுவர் ஓரத்தில் போய் நின்றது.

"இந்தா நிக்கா எம்மவ."

"எம்மா, அது இந்த அக்கா. நடுவுல சிரிக்கால்லா, அவதான் நம்ம அக்கா" என்றான் முத்து.

"போலே. நீ அன்னைக்குக் கைப்பிள்ள. ஒனக்கு என்ன தெரியும்? அது யாரோ பட்டுப் பாவாடைக்காரி." ஜமுக்காள ஒட்டை நகத்தால் தொட்டுக் காட்டினாள். "இது நான் போட்ட ஒட்டு. எங்கைத் தையல் எனக்குத் தெரியாதா?"

"அத்தை, அது நான்தான். சத்தியமா நான்தான். நாங்க சட்டைய மாத்திக்கிட்டோம்" என்று அழுதுகொண்டே சொன்னேன். அவள் என் தலையைத் தடவி, "அழாதட்டி. கொண்டாந்து குடுத்துட்டேல்லா" என்றாள். முத்து தன் போனில் அந்தச் சிரித்த முகத்தை மட்டும் படம் பிடித்து, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மாவோடு அதற்கு மேல் வாதாடவில்லை.

அத்தை படத்தை மடியில் வைத்து, முந்தானையால் என் முகம் இருந்த இடத்தைத் துடைத்தாள். குனிந்து அதனிடமே கேட்டாள்.

"ஏட்டி, எதுக்கு இம்புட்டுக் கோவம்? யாரு ஒன்ன என்ன சொன்னா?"

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். அவள் மகள் அன்றைக்கு என் பாவாடையை உடுத்தியிருந்தாள். அந்தக் கோபம்தான்.